சாம்பலூரிலிருந்து காளிப்பட்டணம் வரை: ‘சுழல்’ இரண்டாம் சீசன் நிற்கிறதா?

‘சுழல்’ என்ற தமிழ் மர்ம இணையத் தொடரின் முதல் சீசன் வெளிவந்த 2022 ஜூன் 17 அன்று நான் பினாங்கு மாநிலத்தின் பிறை நகரில் ஒரு தொழிற்சாலையில் இரவு ஷிப்டில் இருந்தேன். வேலை முடிந்து வந்து, பகலில் தூங்க வேண்டிய நேரத்தில் எட்டு அங்கங்களையும் மூன்று நாள்களில் பார்த்து முடித்தேன். 2025 பிப்ரவரி 28 அன்று இரண்டாம் சீசன் வந்தபோதும் அதே ஆவலோடுதான் உட்கார்ந்தேன். ஆனால் பார்த்து முடித்தபோது மனம் நிறைந்ததா, குறைந்ததா என்று எனக்கே விளங்கவில்லை. அந்தக் குழப்பம் பல மாதங்கள் உறுத்திக்கொண்டே இருந்தது. அண்மையில் பள்ளி விடுமுறைக்குக் கோலாலம்பூரிலிருந்து அக்கா மகள் பினாங்குக்கு வந்திருந்தபோது, அவளும் அம்மாவும் நானுமாக இரண்டு சீசன்களையும் முதலிலிருந்து தொடங்கி ஐந்து இரவுகளில் பார்த்தோம். இடைவெளியில்லாமல் பார்த்ததால், முதலாவதில் இருந்து இரண்டாவதில் இல்லாமல் போனது எது என்பதைக் கைவைத்துக் காட்ட முடிகிறது.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இரண்டாம் சீசன் பார்க்கத்தக்கது. நடிப்புக்காகவும், நந்தினி என்ற பாத்திரம் எங்கே போய் நிற்கிறது என்பதற்காகவும் கட்டாயம் பார்க்கத்தக்கது. ஆனால் முதல் சீசன் ஏறிய உயரத்துக்கு அது ஏறவில்லை. ஒரு தொடர் அடுத்த சீசனுக்குப் போகும்போது, தன் மனிதர்களின் தீராத கணக்கை எடுத்துக்கொண்டு போகலாம்; முன்பு வெற்றி தந்த அச்சை எடுத்துக்கொண்டும் போகலாம். ‘சுழல்’ இரண்டையும் எடுத்துக்கொண்டு போயிருக்கிறது. கணக்கு பேசும் இடங்களிலெல்லாம் தொடர் உயிரோடு இருக்கிறது, அச்சு தெரியும் இடங்களிலெல்லாம் தளர்கிறது.

முதல் சீசனை அறியாதவர்களுக்காகச் சில விவரங்கள். புஷ்கர் – காயத்ரி இணை உருவாக்கி எழுதிய இந்தத் தொடரின் முதல் சீசனை பிரம்மாவும் அனுசரணும் இயக்கினார்கள். சாம்பலூர் என்ற கற்பனை மலையூரில் ஒரு சிமெண்டுத் தொழிற்சாலை. அங்கே நிர்வாகத்துக்கும் தொழிலாளர்களுக்கும் போராட்டம். மயானக் கொள்ளைத் திருவிழா தொடங்கும் இரவில் தொழிற்சாலை எரிகிறது. அதே இரவில் தொழிற்சங்கத் தலைவர் சண்முகத்தின் இளைய மகள் நிலா காணாமல் போகிறாள். சண்முகமாகப் பார்த்திபன், காவல் ஆய்வாளர் ரெஜினாவாக ஸ்ரேயா ரெட்டி, துணை ஆய்வாளர் சக்கரவர்த்தி என்கிற சக்கரையாகக் கதிர், சண்முகத்தின் மூத்த மகள் நந்தினியாக ஐஸ்வர்யா ராஜேஷ். கதை இவ்வளவுதான் என்று சொல்லிவிட முடியாதபடி, ஒவ்வோர் அங்கமும் நம் சந்தேகத்தை ஒருவர் தலையிலிருந்து இறக்கி இன்னொருவர் தலையில் ஏற்றுகிறது. அப்படி இடம் மாறும்போதெல்லாம், சற்று முன்பு வரை ஒரு தவறும் செய்யாத மனிதரை நாம் எவ்வளவு எளிதாகக் குற்றவாளியாக்கிவிட்டோம் என்று நமக்கே கூச்சமாக இருக்கிறது.

முதல் சீசன் என்னை இவ்வளவு பற்றிக்கொண்டதற்குச் சொந்தக் காரணம் ஒன்றும் உண்டு. என் அப்பா தோட்டத் தொழிற்சங்கத்தில் இருந்தவர். கூட்டம் முடிந்து இரவு நேரம் கழித்து வீட்டுக்கு வருவார். ஊராரின் குறைகளையெல்லாம் காது கொடுத்துக் கேட்ட மனிதருக்கு, வீட்டில் பிள்ளைகள் என்ன நினைக்கிறார்கள் என்று கேட்க நேரம் இருந்ததில்லை. சண்முகத்தைப் பார்க்கும்போது அவரைத்தான் பார்த்தேன். பார்த்திபன் வழக்கமாகப் பேசும் சொல் விளையாட்டு இந்தப் பாத்திரத்தில் அடங்கியிருக்கிறது. ஊருக்குத் தலைவராகவும் மகளுக்கு அந்நியராகவும் ஒரே ஆள் இருக்கும் வேதனையை அவர் தோளிலும் நடையிலும் காட்டுகிறார். ஸ்ரேயா ரெட்டிக்கும் அதே சிக்கல் வேறு வடிவில் வருகிறது: சட்டத்தின் பக்கம் நிற்க வேண்டிய அதிகாரியும் ஒரு பையனின் தாயும் ஒரே உடலில் இருக்கிறார்கள். குற்றவாளியைத் தேடும் கதை போல் தொடங்கி, பெற்றோர் தம் பிள்ளைகளை எந்த அளவுக்கு அறிந்திருக்கிறார்கள் என்று விசாரிக்கும் கதையாக அது மாறுகிறது. முடிவு தெரிந்த பிறகு மறுபடி பார்த்தபோதும் எனக்கு அலுக்கவில்லை. முதல் இரண்டு அங்கங்களில் யார் பேசுகிறார், யார் பேசாமல் இருக்கிறார் என்பதிலேயே கண் நின்றது. மர்மத் தொடர்களில் பல, விடை தெரிந்தவுடன் வெறும் கூடாகிவிடும், இது ஆகவில்லை.

திருவிழாவை அந்தச் சீசன் கையாண்ட விதத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். மயானக் கொள்ளை அங்காளம்மனுக்கு உரியது. மகா சிவராத்திரியை அடுத்து வருவது. மேல்மலையனூர் அதற்குப் பெயர்பெற்ற தலம். கதையில் திருவிழாவின் நாள்களும் விசாரணையின் நாள்களும் இணையாக ஓடுகின்றன. தைப்பூசத்தின்போது பினாங்கில் வாழ்ந்தவர்களுக்கு இது நன்றாகப் புரியும். தங்க ரதமும் வெள்ளி ரதமும் தண்ணீர்மலையை நோக்கிப் புறப்படும் நாளில், ஊரின் இயல்பே மாறிவிடும்: தெரிந்த சாலை அடைபட்டிருக்கும், தண்ணீர்ப் பந்தலில் நிற்பவர் யாருக்கும் சொந்தக்காரர் ஆகிவிடுவார், கூட்டத்தில் ஒரு பிள்ளை கையை விட்டால் மறுகணம் காணாது. சாம்பலூரில் திருவிழா அப்படித்தான் இருந்தது. வேடமிட்ட முகங்கள் நடுவே யார் எங்கே போனார் என்று யாருக்கும் தெரியாது என்பது கதைக்கே தேவையான உண்மை. அலங்காரத்துக்காக வைத்தது போல் ஓர் இடத்திலும் தோன்றவில்லை.

இரண்டாம் சீசனை பிரம்மாவுடன் சர்ஜூன் இயக்கியிருக்கிறார். மலையிலிருந்து கதை கடலுக்கு இறங்குகிறது. காளிப்பட்டணம் என்ற கடலோர ஊரில், வழக்கறிஞர் செல்லப்பா உள்ளே தாழிட்ட வீட்டில் கொலையுண்டு கிடக்கிறார். அவர் சக்கரைக்குத் தகப்பன் போன்றவர். அங்கே அஷ்டகாளித் திருவிழா நடக்கும் நேரம். எட்டு இளம்பெண்கள், ஒருவரையொருவர் அறியாதவர்கள் போல் இருந்துகொண்டு, கொலையைச் செய்தது தாமே என்று தனித்தனியாக ஒப்புக்கொள்கிறார்கள். முதல் சீசனின் முடிவில் செய்ததற்காகச் சிறையில் இருக்கும் நந்தினி, இந்தப் பெண்களை அங்கே சந்திக்கிறாள். வெளியே சக்கரை விசாரிக்கிறான்.

தொடக்கம் என்று பார்த்தால் இது முதல் சீசனைவிடக் கூர்மையானது. குற்றவாளி கிடைக்காத மர்மக் கதைகளைப் படித்தும் பார்த்தும் பழகிய நமக்கு, குற்றவாளிகள் எட்டுப் பேர் தாமாக முன்வந்து நிற்கும் கதை புதுமையாக இருக்கிறது. முதல் இரண்டு அங்கங்கள் முடிந்ததும் அக்கா மகள் எழுந்து போகவே இல்லை. இன்னொன்று, இன்னொன்று என்று கேட்டு நள்ளிரவைத் தாண்டிப் பார்த்தோம். லால் நடித்த செல்லப்பா இறந்துபோன மனிதர்தான். ஆனால் பிறர் நினைவுகளின் வழியாக அவர் வரும்போதெல்லாம் தொடருக்கு ஒரு கனிவு வருகிறது. அவர் இன்னும் சற்று நேரம் இருந்திருக்கலாம் என்று ஏங்க வைக்கும் நடிப்பு அது. ஆய்வாளராக வரும் சரவணனும் பாத்திரத்துக்குப் பொருந்தி நிற்கிறார்.

இந்தச் சீசனின் உயிர் சிறைக்குள்தான் இருக்கிறது. ஐஸ்வர்யா ராஜேஷ் அதிகம் பேசுவதில்லை. தனக்கு நேர்ந்ததையும் தான் செய்ததையும் சுமந்துகொண்டு, புதிதாக வந்த பெண்களை முதலில் தள்ளி நின்று பார்க்கிறார். பிறகு மெல்ல மெல்ல அவர்களுக்கு மூத்தவளாகிறார். அம்மா வழக்கமாகத் தொடர் ஓடும்போது பேசிக்கொண்டே இருப்பவர். அந்தக் காட்சிகளில் பேச்சில்லை. ஓர் இரவு, அங்கம் முடிந்து விளக்கைப் போட்ட பிறகு, “அந்தப் பொண்ணுக்கு வெளிய இருந்தத விட ஜெயில்லதான் கொஞ்சம் நிம்மதி போல இருக்கு தம்பி,” என்றார். முதல் சீசன் பார்த்தவர்களால்தான் அதை அப்படிச் சொல்ல முடியும். தன் வீட்டிலேயே பாதுகாப்பில்லாமல் வளர்ந்தவளுக்கு, நான்கு சுவருக்குள் தன்னை நம்பும் சில பெண்கள் கிடைத்தது எவ்வளவு பெரியது என்பதை முதல் சீசனின் எட்டு அங்கங்கள் நமக்குள் முன்கூட்டியே சேர்த்து வைத்திருக்கின்றன. சக்கரைக்கும் இப்படிப்பட்ட கணக்கு உண்டு. நந்தினி சிறையில் இருப்பதில் தன் பங்கு என்ன என்ற குற்ற உணர்வு கதிரின் முகத்தில் இருந்துகொண்டே இருக்கிறது. இந்த இருவரும் எதிரெதிரே இருக்கும் காட்சிகளில் இரண்டாம் சீசன் முதலாவதுக்குச் சமமாக நிற்கிறது. ஓரிரு இடங்களில் மிஞ்சுகிறது என்றுகூடச் சொல்வேன்.

குறைகளுக்கு வருகிறேன். எட்டு அங்கங்கள், எட்டுப் பெண்கள், அவர்களைத் தவிர நந்தினி, சக்கரை, ஊர், கொலை, கோயில், கடந்த காலம். ஆளுக்கு ஓர் அங்கம் கொடுத்தாலும் இடம் போதாது. கௌரி கிஷன் நடித்த முத்துவைத் தவிர மற்றவர்கள் மனத்தில் முழு மனிதர்களாகப் பதிவதற்குள் கதை நகர்ந்துவிடுகிறது. ஐந்தாம் அங்கம் முடிந்தபோது அக்கா மகள், “மாமா, எட்டுப் பேர்ல எனக்கு மூணு பேரோட பேருதான் ஞாபகம் இருக்கு,” என்றாள். அவள் கவனமாகப் பார்க்கும் பிள்ளை. அவள் சொன்னது எழுத்தின் குறை என்றே நினைக்கிறேன். ஒவ்வொரு பெண்ணின் பின்கதையும் கொடுமையானதுதான். ஆனால் ஒன்றன்பின் ஒன்றாகச் சுருக்கிச் சொல்லும்போது, நிலா என்ற ஒரே பெண்ணுக்காக முதல் சீசனில் நாம் பட்ட வலி எட்டாகப் பிரிந்து ஒவ்வொன்றும் சிறுத்துவிடுகிறது. நான்கு முதல் ஆறு வரையிலான அங்கங்களில் விசாரணை வட்டமிடுகிறது. சக்கரை ஓர் இடத்துக்குப் போய் ஒரு தகவல் பெற்று அடுத்த இடத்துக்குப் போவதாகவே நீள்கிறது.

அச்சு என்று நான் சொன்னது இதைவிடப் பெரிய குறை. மீண்டும் ஒரு சிற்றூர், மீண்டும் ஓர் அம்மன் திருவிழா, மீண்டும் மேல்தோற்றத்துக்கு அடியில் பெண்பிள்ளைகளுக்கு இழைக்கப்பட்ட கொடுமை. இந்தப் பொருளைப் பேசவே கூடாது என்று நான் சொல்லவில்லை. தமிழில் இதை இவ்வளவு பொறுப்போடு பேசிய தொடர்கள் மிகச் சில. ஆனால் முதல் சீசனில் அந்த உண்மை நம் வீட்டுக் கதவைத் தட்டியது போல் எதிர்பாராமல் வந்தது. இரண்டாவதில், எட்டுப் பெண்கள் முன்வந்து நின்ற நொடியிலேயே முதல் சீசனைப் பார்த்தவர்கள் அதன் திசையை ஊகித்துவிடுகிறார்கள். ஊகிக்க முடிந்த உண்மையை மர்மம் போல் மூடி மூடித் திறக்கும்போது, அந்தப் பெண்களின் துன்பமே புதிருக்கான துண்டுகளாகப் பயன்படுகிறதோ என்ற நெருடல் எழுகிறது. இந்த நெருடல் முதல் சீசனில் எனக்கு ஒருமுறைகூட வரவில்லை.

அஷ்டகாளித் திருவிழாவும் இந்த முறை விளக்கமாகவே நின்றுவிட்டது. எட்டுக் காளிகள், எட்டுப் பெண்கள் என்ற ஒப்புமை கண்ணுக்குத் தெரிந்த பிறகும் வாயால் சொல்லப்படுகிறது, திரும்பவும் சொல்லப்படுகிறது. இங்கே தெலுக் பஹாங்கில், கடலை ஒட்டி இருக்கும் சிங்கமுகக் காளியம்மன் கோயிலில், மாசி மகத்தன்று தெப்பத் தேரைக் கடலில் விடுவார்கள். சின்ன வயதிலிருந்து அம்மா என்னை அழைத்துப் போயிருக்கிறார். மணலில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பவர்கள், தூங்கிப்போன குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொள்பவர்கள், விளக்கு மிதந்து போவதைப் பேசாமல் பார்க்கும் கிழவிகள் என்று அந்தக் கடற்கரைக்குச் சொந்தமான ஒரு வாழ்க்கை இருக்கிறது. காளிப்பட்டணத்தில் திருவிழா அழகாக ஒளியூட்டப்பட்டிருக்கிறது. ஒளிப்பதிவில் குறை சொல்ல ஒன்றுமில்லை. சாம்பலூரில் இருந்ததைப் போல் திருவிழாவுக்கு வந்த சாதாரண மனிதர்கள்தாம் இல்லை. சாம் சி.எஸ்.ஸின் இசை இரண்டு சீசன்களையும் இணைக்கும் நூலாக இருக்கிறது. ஆனால் இரண்டாவதில் காட்சி தானே சொல்ல வேண்டியதை இசை முந்திக்கொண்டு சொல்லும் இடங்கள் கூடிவிட்டன.

இவ்வளவு குறை சொன்ன பிறகும் இதை நான் மதிக்கிறேன் என்பதற்குக் காரணம், நம் தொலைக்காட்சியில் ‘இரண்டாம் சீசன்’ என்ற பெயரில் வருபவற்றோடு ஒப்பிட்டுப் பார்ப்பதால்தான். அம்மா ‘பாண்டியன் ஸ்டோர்ஸ்’ தொடரை விடாமல் பார்ப்பவர். விஜய் தொலைக்காட்சியில் 2018 அக்டோபரில் தொடங்கிய முதல் சீசன் 2023 அக்டோபர் 28 அன்று முடிந்தது. ஒரே நாள் இடைவெளி விட்டு 30ஆம் தேதி இரண்டாம் சீசன் தொடங்கிவிட்டது. ஸ்டாலின், ஹேமா, வெங்கட் ஆகியோர் திரும்பி வந்தார்கள். ஆனால் தம்பிகளுக்கு அண்ணனாக மூர்த்தி என்ற பெயரில் இருந்த ஸ்டாலின், புதிதில் பிள்ளைகளுக்குத் தகப்பனாகப் பாண்டியன் என்ற பெயரில் வந்தார். ஐந்து ஆண்டுகள் நம் கூடத்தில் குடியிருந்த தனமும் மூர்த்தியும் முல்லையும் என்ன ஆனார்கள் என்ற கேள்விக்கு இடமே இல்லை. கடை அதே பெயர்ப்பலகையோடு இருக்கிறது, உள்ளே இருப்பவர்கள் வேறு குடும்பம். புதிய குடும்பக் கதையை அம்மா விரும்பித்தான் பார்க்கிறார். நிரோஷாவின் கோமதி பாத்திரம் அவருக்கு மிகவும் பிடிக்கும். நானும் அதில் குறை காணவில்லை. ஆனால் அதை இரண்டாம் சீசன் என்று அழைப்பதற்கு எந்தக் கதைக் காரணமும் இல்லை. முதல் தொடரின் மீது பார்வையாளர் வைத்த பாசத்தைப் புதுத் தொடருக்கு முன்பணமாக வாங்கிக்கொள்வதுதான் அது.

‘எதிர்நீச்சல்’ வேறு வகை. சன் தொலைக்காட்சியில் 2022 பிப்ரவரியில் திருச்செல்வம் தொடங்கிய அந்தத் தொடரின் ஆதி குணசேகரனை, மாரிமுத்து ஏற்று நடித்தார். அவர் 2023 செப்டம்பர் 8 அன்று மறைந்த செய்தி இங்கே வந்தபோது, எங்கள் அடுக்குமாடியில் இருந்த பெண்கள் சொந்தத்தில் ஒருவர் போனதைப் போல் பேசிக்கொண்டார்கள். வீட்டில் அதிகாரம் செலுத்தும் ஆணின் குரலை, கத்தலுக்கும் கெஞ்சலுக்கும் நடுவே மதுரை மண்ணின் ஏற்ற இறக்கத்தோடு அவர் கொண்டுவந்ததால்தான், அந்த வீட்டு மருமகள்களின் எதிர்ப்புக்கு எடை கிடைத்தது. வேல ராமமூர்த்தி அந்த இடத்தில் வந்து தம் வழியில் உழைத்தார். ஆனால் ஒருவர் உடலிலும் குரலிலும் வேர்விட்ட பாத்திரத்தை இன்னொருவரிடம் ஒப்படைப்பது எளிதன்று. 2024 ஜூனில் முடிந்து, டிசம்பர் 23 அன்று ‘எதிர்நீச்சல் தொடர்கிறது’ என்று மீண்டும் வந்தபோது மருமகள் ஜனனியாக நடிப்பவரும் மாறியிருந்தார். இங்கே கதை தொடர்கிறது; மனிதர்களின் கணக்கும் தொடர்கிறது; ஆனால் அந்தக் கணக்கு தீர விடப்படுவதில்லை. பெண்கள் ஓரடி வெளியே வைத்தால் ஈரடி உள்ளே இழுக்கப்படுகிறார்கள். தினந்தோறும் ஒளிபரப்பாகும் தொடருக்கு அது தவிர்க்க முடியாத இயல்பாக இருக்கலாம். என் பெரியம்மா மூன்று மாதம் விட்டுவிட்டு மறுபடி பார்த்தபோதும், விட்ட இடத்திலேயே கதை இருந்தது என்று வருத்தத்தோடு சொன்னார்.

‘தி ஃபேமிலி மேன்’ இந்தித் தொடரென்றாலும், அதன் இரண்டாம் சீசன் சென்னையில் நடப்பதாலும் பாதிக்கு மேல் நம்மைப் பற்றியதாலும் இங்கே சேர்க்க வேண்டியிருக்கிறது. 2021 ஜூன் 4 அன்று வந்த அந்தச் சீசன், கட்டமைப்பில் 2019இல் வந்த முதலாவதைவிட இறுக்கமானது. முந்தைய தோல்வியின் சுமையோடு, உளவு அதிகாரியாக இருந்த நாயகன் ஸ்ரீகாந்த் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் உட்கார்ந்திருப்பதாகத் தொடங்கியதும், தமிழ்ப் பாத்திரங்கள் தமிழிலேயே பேசியதும், உதய் மகேஷின் ‘செல்லம் சார்’ சில நிமிடங்களில் மனத்தில் நின்றதும் அதன் பெருமைகள். ஆனால் ஈழப் போராளிகளை அது காட்டிய விதம் என்னைப் போன்ற பலருக்கு ஆறாத வலி. தொடர் வெளிவருமுன்பே தமிழ்நாடு அரசு அதைத் தடைசெய்யக் கோரி ஒன்றிய அரசுக்குக் கடிதம் எழுதியது. சமந்தா நடித்த ராஜி என்ற போராளிப் பாத்திரத்துக்கு ஒரு துயர வரலாறு தரப்பட்டிருந்தது உண்மை, நடிப்பும் உண்மையானது. ஆனால் ஒரு மக்களின் இழப்பை, வேறொருவர் குடும்பத்தைக் காப்பாற்றும் சாகசத்துக்கு எதிர்த்தரப்பாக வைத்ததை என்னால் கதைத்திறனைக் காட்டி மன்னிக்க இயலவில்லை. ஆகவே அந்தச் சீசன் தரத்தில் நிற்கிறது என்று ஒப்புக்கொண்டாலும், யாருக்கும் மனமுவந்து பரிந்துரைக்க என்னால் முடியாது. 2025 நவம்பரில் வந்த மூன்றாம் சீசன் வடகிழக்கு மாநிலங்களுக்குப் போய், ஜெய்தீப் அலாவத் போன்ற வலுவான நடிகரை எதிரியாக வைத்துக்கொண்டும், கதையைப் பாதியில் நிறுத்திவிட்டுப் போய்விட்டது.

மீண்டும் ‘சுழல்’. முதல் சீசனுக்கும் இரண்டாவதுக்கும் இடையே இரண்டு ஆண்டு எட்டு மாதம் கடந்திருந்தது. வெளியான சமயத்தில் பார்த்தபோது நந்தினியின் மௌனத்துக்கு நான் முழு விலை கொடுக்காமல் போனதற்கு அதுவே காரணம் என்று இப்போது தெரிகிறது. அதனால் இரண்டாவதை மட்டும் தனியாகப் பார்க்க எண்ணுபவர்கள் தயவுசெய்து அப்படிச் செய்ய வேண்டாம். கொலை மர்மம் தனியே புரியும், நந்தினி புரியமாட்டாள். முதல் சீசனைப் பார்த்து முடித்து, அது நெஞ்சில் ஈரம் காயுமுன் இரண்டாவதைத் தொடங்குங்கள். நடு அங்கங்கள் இழுப்பதாகத் தோன்றினால் ஓட்டிவிடாதீர்கள். சிறைக் காட்சிகள் அவற்றுக்குள்தான் சிதறிக் கிடக்கின்றன. தமிழில் எடுக்கப்பட்ட தொடர் என்பதால் மூலத் தமிழ் ஒலியிலேயே பாருங்கள். பார்த்திபன், லால் போன்றோரின் பேச்சை மொழிமாற்றத்தில் கேட்பது பெரிய இழப்பு.

சிறு பிள்ளைகளோடு உட்கார வேண்டாம். அக்கா மகளுக்குப் பதினேழு வயது. அப்படியிருந்தும் முதல் சீசனின் கடைசி அங்கத்துக்கு முன்பு, இதில் என்ன வரும் என்று அம்மாவும் நானும் அவளிடம் சொல்லிவிட்டுத்தான் தொடர்ந்தோம். பார்த்து முடித்த பிறகு அவள் வெகுநேரம் அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தாள். நான் அடுப்படியில் தேநீர் கலக்கப் போனேன். அவர்கள் பேச்சு முடியும் வரை கூடத்துக்குத் திரும்பவில்லை.